அப்பாவின் பழைய ஸ்டீரியோ: முழுதாகப் புதுப்பிப்பதா, ஓடும் அளவுக்குச் சரிசெய்வதா, அப்படியே விடுவதா?

முடிவு எதுவாக இருந்தாலும் சரி, ஒன்றை மட்டும் முதலில் செய்யாதீர்கள். "இன்னும் ஓடுகிறதா, பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகி பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபயரில் பவர் சப்ளையின் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) பலவீனமாகியிருக்கும். அவற்றுக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம், மின்சாரமே காணாமல் கிடந்தால் தேய்ந்துபோகிறது. திடீரென்று முழு வோல்டேஜும் ஏறினால் மின்சாரம் உள்ளே கசிந்து, கெபாசிட்டர் சூடாகி, வெடிக்கவும் கூடும். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனாலோ, நேர்மின்சாரம் (டிசி) நேராக ஸ்பீக்கருக்குப் போய், கனத்த ஒலி தரும் வூஃபரின் காயிலை எரித்துவிடும். சின்ன வேலையாக முடிய வேண்டியது ஒரே அழுத்தலில் பெரிய வேலையாகிவிடும்.

விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் வேரியாக் வைத்து வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றுவார்கள். அது இல்லாவிட்டால், பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து அதன் வழியாக மின்சாரம் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், செட் தப்பிக்கும். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. செட்டின் பின்னால் வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வேறு நாட்டிலிருந்து வாங்கி வந்த செட்டாக இருந்தால் அது 100 அல்லது 120 வோல்ட்டில் நிற்கலாம்.

இப்படியொரு செட் கைக்கு வந்தவருக்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாக் கெபாசிட்டரையும் மாற்றி முழுதாகப் புதுப்பிக்கலாம். கெட்டதை மட்டும் மாற்றி ஓட வைக்கலாம். வெளிப்பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே புதுச் சர்க்யூட் பொருத்தலாம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைவுப்பொருளாக வைத்துவிடலாம். யாருக்காவது கொடுத்துவிடலாம், விற்றுவிடலாம். இவற்றில் ஒன்றை மொத்த செட்டுக்கும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள், சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், டர்ன்டேபிள், கேசட் டெக் நான்கும் நான்கு விதமாக மூப்படைகின்றன. ஒன்றுக்குச் சரியான முடிவு அடுத்ததற்கு வீண்செலவாகிவிடும். பெட்டி பெட்டியாகத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பணத்தை விட மனசு தடுக்கிற ஒரு கேள்வியும் உண்டு: உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றிவிட்டால் அது அப்பாவுடையதாக இருக்குமா? என் பதில், இருக்கும். ஊசியையும் பெல்ட்டையும் அவரே பலமுறை மாற்றியிருப்பார். அவர் கை பட்டது வால்யூம் குமிழில், டர்ன்டேபிளின் மூடியில், ஸ்டேஷன் தேடும் சக்கரத்தில். அவர் காதுக்குப் பழகியது அந்த ஸ்பீக்கர்களின் குரல். சர்க்யூட் போர்டில் இருக்கும் கெபாசிட்டரை அவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். அதனால் நான் வைத்துக்கொள்ளும் வரிசை இது: கை பட்ட இடத்தைத் துடைப்பதோடு நிறுத்து, காதுக்குப் பழகியதைக் கவனமாகத் தொடு, யாரும் பார்க்காததைத் தாராளமாக மாற்று. கடையில் "முகப்பைப் புதுசு போல பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்று சொன்னால் எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஆம்ப்ளிஃபயர்: முழு ரீகேப்பா, தேவையானது மட்டுமா?

விவாதம் அதிகம் நடப்பது இங்கேதான், பணம் அதிகம் போவதும் இங்கேதான்.

எல்லாக் கெபாசிட்டரையும் மாற்றுவதைத்தான் ரீகேப் என்கிறார்கள். அதற்கு நியாயமான வாதம் உண்டு. செட்டைத் திறந்து, போர்டுகளைக் கழற்றி, திரும்பப் பூட்டுவதுதான் நேரம் தின்னும் வேலை. அதை ஒருமுறை செய்யும்போதே எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் இன்னும் இருபது ஆண்டுக்காவது கவலை இல்லை. பழைய செட்டுகளில் பெரும்பாலும் 85 டிகிரி செல்சியஸ் தாங்கும் கெபாசிட்டர்களே இருந்தன. இன்று 105 டிகிரி தாங்குபவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. வேலை செய்யும் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக்கணக்கு.

எதிர்வாதமும் பலமானது. ஐம்பது ஆண்டு பழைய போர்டில் ஒவ்வொரு சால்டரிங்கும் ஓர் ஆபத்து. செம்புத் தடம் சூட்டில் பெயர்ந்து வரும். பிளஸ், மைனஸ் ஓரிடத்தில் மாறிப்போனால் போதும், வேலை முடிந்து ஆன் செய்யும்போது புகை வரும். அதையும் தாண்டி, செட்டின் கோளாறு கெபாசிட்டரில் இல்லாமலே இருக்கலாம். நூறு பாகங்களை மாற்றிய பிறகும் இடது சேனலில் அதே சரசரப்பு கேட்டால் என்ன செய்வது? அந்தச் சத்தம் பெரும்பாலும் சிறு சிக்னல் டிரான்சிஸ்டர்களில் இருந்து வருவது. அந்தக் காலத்து ஜப்பானிய செட்டுகளில் இருக்கும் 2எஸ்சி458 இதற்குப் பேர்போனது.

அதனால் டிரான்சிஸ்டர் செட் என்றால் நான் இரண்டாவது வழியின் பக்கம். முதலில் வால்யூம் கண்ட்ரோல், ஸ்விட்ச்சுகள், ஸ்பீக்கர் ரிலே எல்லாவற்றையும் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். "ஒரு பக்கம் வரவில்லை", "குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது" போன்ற புகார்களில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் அளந்து பார்ப்பது. ஸ்பீக்கர் முனையில் நேர்மின்சாரம் 50 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் நிம்மதி. அதைவிட மிக அதிகம் என்றால் காரணம் தெரியும்வரை ஸ்பீக்கரை மாட்டக் கூடாது. பயாஸ் கரண்டை (பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்சாரம்) சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளவில் தவறியவற்றையும், கெட்டுப்போவதற்குப் பேர் வாங்கிய பாகங்களையும் மாற்றினால் போதும். அந்தப் பட்டியலில் எல்லோரும் மறந்துவிடுவது பசை. பாகங்கள் ஆடாமல் இருக்க அன்று தடவிய ஒருவகைப் பசை காலப்போக்கில் பழுப்பாகி, பக்கத்துக் கம்பிக்கால்களை அரிக்கிறது, சில சமயம் மின்சாரத்தைக் கடத்தவும் செய்கிறது. அதைச் சுரண்டி எடுக்காமல் செய்யும் எந்தப் புதுப்பிப்பும் அரைகுறைதான்.

முழு ரீகேப்பே சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப்ளிஃபயர். அதில் நிலைகளுக்கு இடையே இருக்கும் பழைய பேப்பர் கெபாசிட்டர் கசிந்தால் அவுட்புட் வால்வு சிவந்து எரியும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோய்விடும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று தேடி அலைவதை நினைத்தால் கெபாசிட்டர் செலவு ஒன்றுமே இல்லை. இன்னொன்று, செட்டைத் தினமும் பல மணி நேரம் ஓடவிடப் போகிறவர்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவுட்புட்டில் என்ன இருக்கிறது? தனித்தனி டிரான்சிஸ்டர்கள் என்றால் பொருத்தமான மாற்று பெரும்பாலும் கிடைக்கும். பல பாகங்களை ஒரே கட்டையாக அடக்கிய சான்யோவின் எஸ்டிகே வகை என்றால் அசல் தயாரிப்பு நின்றுவிட்டது, சந்தையில் போலிகள் ஏராளம். 1970களின் நடுவில் சோனியும் யமஹாவும் சில செட்டுகளில் பயன்படுத்திய வி-ஃபெட் என்ற தனிவகை டிரான்சிஸ்டர் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம், வேறொரு செத்த செட்டில் இருந்து பிடுங்கினால்தான் உண்டு. அப்படிப்பட்ட செட்டை மரியாதையாக அலமாரியில் வைத்துவிட்டு ஸ்பீக்கருக்குச் செலவழிக்கலாம்.

ஸ்பீக்கர்தான் முதல் செலவு

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் போதும் என்றால் அது ஸ்பீக்கராக இருக்கட்டும். அப்பாவின் செட் எப்படி ஒலித்தது என்று நீங்கள் நினைவு வைத்திருப்பதில் பெரும்பங்கு ஸ்பீக்கர்களுடையது, அதற்கு அடுத்தது அவை நின்ற அறை. அறையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

வூஃபரின் கோனைச் சுற்றி இருக்கும் விளிம்பை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் 15 முதல் 25 ஆண்டுகளில் பொடியாகிவிடும், விரலோடு உதிர்ந்து வரும். பார்த்ததும் மனசு உடைந்துபோகும், ஆனால் சரிசெய்ய மிக எளிதானது இதுதான். அதே அளவில் புது ஃபோம் வளையமும் பசையும் சேர்த்து விற்கிறார்கள். பழையதைச் சுரண்டி, காயில் உரசாமல் கோனை நடுவில் நிறுத்தி ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம், சால்டரிங் கூடத் தெரிய வேண்டாம். விளிம்பு ரப்பராகவோ துணியாகவோ இருந்தால் பெரும்பாலும் தொடத் தேவையில்லை. துணி விளிம்பைப் பிய்த்துவிட்டு ஃபோம் ஒட்டுவது ஸ்பீக்கரின் குரலையே மாற்றிவிடும்.

உச்ச ஒலி தரும் சிறிய ட்வீட்டரில் சத்தமே இல்லை என்றால் செத்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். சில ஸ்பீக்கர்களின் பின்னால் உச்ச ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கும். அது உள்ளே பச்சை பிடித்துத் தொடர்பு அறுந்திருக்கும். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் இருக்கும் துருவமில்லா எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களை மாற்றுவது நல்ல வேலை, ஒரு எச்சரிக்கையோடு: அதே மதிப்பையே போடுங்கள். விலை உயர்ந்த ஃபிலிம் கெபாசிட்டர் போட்டால் உள்தடை குறைந்து உச்ச ஒலி கொஞ்சம் தூக்கலாகலாம். சிலருக்கு அது பிடிக்கும். பழைய குரல்தான் வேண்டும் என்பவர்கள் கூடவே ஒரு சிறு ரெசிஸ்டரைத் தொடரில் சேர்ப்பார்கள். "இந்த ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே பெட்டியில் புது வூஃபர் போடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெட்டியின் கொள்ளளவும் வூஃபரும் ஒன்றுக்கொன்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை.

டர்ன்டேபிள்

இதில் ஒப்பிட அதிகம் இல்லை, ஏறக்குறைய எல்லாச் சந்தர்ப்பத்திலும் சரிசெய்வதே லாபம். பெல்ட்டில் ஓடுவது என்றால் புது பெல்ட், பேரிங்குக்கு இரண்டு சொட்டு எண்ணெய். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போல மோட்டார் நேராகச் சுழற்றுவது என்றால் பெல்ட்டும் இல்லை. ரப்பர் சக்கரம் உரசி ஓடும் பழைய வகையில் அந்தச் சக்கரம் இறுகிப்போயிருந்தால் குறுகுறு என்று சத்தம் வரும், புது ரப்பர் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். வேறு நாட்டு மாடல் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மின்சாரத்தின் அலைவெண்ணை வைத்து ஓடும் பழைய ஏசி மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது, 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். பாட்டு இழுத்துக்கொண்டு போகும். அதற்குத் தனி புல்லி வேண்டும்.

ஊசி விஷயத்தில் சிக்கனம் கூடாது. வைர ஊசிக்கும் ஆயுள் 500 முதல் 1000 மணி நேரம்தான். அதில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல அப்பா இல்லை. தேய்ந்த ஊசி இசைத்தட்டின் வரிப்பள்ளத்தைச் செதுக்கிவிடும், அவர் சேர்த்த தட்டுகளை நீங்களே பாழாக்கியதாகிவிடும். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தும் சிறு பாகம்) தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. ஆனாலும் பழைய ஷூர் கார்ட்ரிட்ஜுகளுக்கு ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் செய்யும் ஊசிகள் கிடைக்கின்றன. கார்ட்ரிட்ஜ் முழுவதையும் மாற்றுவதா, ஊசியை மட்டுமா என்றால், ஊசியை மட்டும்.

கேசட் டெக்

இந்தப் பெட்டியைச் சரிசெய்யத்தான் மெக்கானிக்குகள் அதிகம் தயங்குவார்கள். பெல்ட்டுகள் உருகித் தார் போல ஒட்டியிருக்கும், டேப்பை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலர் வழுவழுப்பாகியிருக்கும், பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கும். வெறும் பாட்டுக் கேசட்டுகள்தான் என்றால் டெக்கை ஓடாத அலங்காரமாக விட்டுவிடலாம்.

ஆனால் வீட்டில் பதிவு செய்த கேசட் இருந்தால் எல்லாக் கணக்கும் மாறும். அப்பாவின் குரலோ, அவர் பிள்ளைகளைப் பேசவைத்துப் பதிந்ததோ இருக்கலாம். அந்த டேப்பைப் பதிந்தது இதே டெக்கின் ஹெட், அதாவது டேப்பில் உரசிப் பதியவும் படிக்கவும் செய்யும் பாகம். அந்த ஹெட் சற்றே சாய்ந்திருந்தால் பதிவும் அதே சாய்வோடு இருக்கும். வேறு டெக்கில் போட்டால் உச்ச ஒலி மங்கிக் கேட்கும். மெக்கானிக் கையில் கொடுத்தால் நல்லெண்ணத்தோடு ஹெட்டின் சாய்வை நேர்செய்துவிடுவார், அதே மங்கல் அப்போதும் வரும். எனவே வரிசை முக்கியம்: பெல்ட்டையும் ரோலரையும் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், ஹெட்டைத் துடைப்பதோடு விடச் சொல்லுங்கள், வீட்டுப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றுங்கள். சாய்வை நேர்செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. முதலில் போட்டுப் பார்ப்பதற்கு வேறு ஏதாவது வேண்டாத கேசட்டைப் பயன்படுத்துங்கள். மொத்த செட்டில் தாமதிக்கக் கூடாத வேலை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அடுத்த ஆண்டுகூடச் செய்யலாம்.

உள்ளே புதிது, வெளியே பழையது

முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை எடுத்து எறிந்து, சிறிய டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயரும் புளூடூத்தும் பொருத்துவதைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. குமிழ் சுழலும்போது கையில் படும் அந்த கனம் போய்விடும், டியூனர் ஊசி பொம்மையாகிவிடும், பிறகு யாரும் அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. செட்டில் செல்போன் பாட்டைக் கேட்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் பின்னால் ஆக்ஸ் என்று எழுதிய துளை இருக்கிறது, ஒரு புளூடூத் ரிசீவரை அதில் மாட்டினால் முடிந்தது. ஆக்ஸ் இல்லாத செட்டில் டேப் என்று எழுதிய உள்ளீடும் அதே வேலையைச் செய்யும். ஃபோனோ துளையில் மட்டும் மாட்டாதீர்கள். அது டர்ன்டேபிள் தரும் சில மில்லிவோல்ட்டுக்கானது.

பழைய ஆம்ப்ளிஃபயரை அலங்காரமாக வைத்து, பழைய ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் புது ஆம்ப்ளிஃபயரில் ஓட்டுவது நல்ல நடுவழி. பல புது ஆம்ப்ளிஃபயர்களில் ஃபோனோ உள்ளீடு இருக்காது, டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டிவரும். அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது.

நீங்களா, மெக்கானிக்கா?

ஃபோம் ஒட்டுவது, பெல்ட், ஊசி, கான்டாக்ட் கிளீனர் அடிப்பது இவையெல்லாம் நீங்களே செய்யக் கூடியவை. பவர் சப்ளையில் கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், வால்வு செட் என்றால் அது பல நூறு வோல்ட், உயிரை எடுக்கும். சால்டரிங் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் வேறொரு மலிவான செத்த செட்டில் கற்றுக்கொள்ளுங்கள். மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல்: முதல் கேள்வியாக "என்ன மாடல், என்ன செய்கிறது?" என்று கேட்பவரிடம் கொடுக்கலாம். பார்க்காமலே "எல்லாக் கெபாசிட்டரையும் மாற்றிவிடலாம்" என்பவரிடம் யோசிக்க வேண்டும். கழற்றிய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். டயல் கண்ணாடியின் உட்புறத்தைத் திரவம் போட்டுத் துடைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், அங்கே அச்சிட்ட எண்கள் அப்படியே கரைந்து வந்துவிடும்.

அப்படியே வைப்பதும், கொடுத்துவிடுவதும்

ஓடாத செட்டை வைத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை. இடமும் மனமும் இருந்தால் அதுவும் ஒரு முடிவுதான். பிளக்கைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், ரிமோட் இருந்தால் பேட்டரியை எடுங்கள், ரப்பர் பெல்ட்டுகள் உருகும் முன் கழற்றிவிடுங்கள், ஸ்பீக்கரை வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிறகு ஒருநாள் மனம் மாறினால் எந்த வழியும் அடைபட்டிருக்காது.

கொடுப்பது என்றால், செட் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1970களின் மராண்ட்ஸ், சான்சுய், பயனியர், மெக்கின்டோஷ் போன்றவற்றை ஓடாவிட்டாலும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் வந்த, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பிளாஸ்டிக் அடுக்குகளுக்குப் பெரும்பாலும் சந்தை இல்லை. அவற்றைப் பணமாக்கப் பார்ப்பதைவிட ஆசைப்படுகிற ஒருவரிடம் சும்மா கொடுத்துவிடலாம். உடன்பிறந்தவர்கள் பங்கு கேட்டால் பெட்டி பெட்டியாகப் பிரிக்கலாம், ஸ்பீக்கரை மட்டும் ஆளுக்கு ஒன்று என்று பிரித்துவிடாதீர்கள்!

அனுப்பும்போது எடையை நினைவில் வையுங்கள். 1978-இல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி) ஒரு சேனலுக்கு 270 வாட் தரும், எடை சுமார் 35 கிலோ. அதில் பாதி எடையுள்ள ரிசீவர்கூட ஒருமுறை கீழே விழுந்தால் டிரான்ஸ்ஃபார்மர் தன் கனத்தாலேயே அடித்தகட்டை வளைத்துவிடும். முடிந்தால் வாங்குகிறவரையே நேரில் வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். டர்ன்டேபிள் என்றால் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், கைப்பகுதியின் பின்னால் இருக்கும் எடையை எடுத்துவிடுங்கள், ஊசிக்கு மூடி போட்டு, கையை அதன் தாங்கியில் கட்டிவிடுங்கள்.